மாட்டு மயிர்ச் சால்வை

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று தெரியவந்தபோது நான் குன்னூரில் ஒரு பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தேன். தம்பி கனடாவிலிருந்து போன் செய்தான். "அக்கா, நீதான் தனியா இருக்க. எனக்கு இங்க லீவு கிடைக்காது. நீ போய் அம்மாவப் பாத்துக்க" என்றான். நான் தனியாக இருப்பது யாரும் எடுத்துச் செலவழிக்கலாம் என்று வைத்திருக்கும் பொருள் மாதிரி அவன் குரல் இருந்தது. வேலையை விட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளோடு அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவன் வரலியா?"

"அவனுக்கு லீவு இல்லையாம்மா."

"உனக்கு மட்டும் எப்பவும் லீவுதான். புருசன் வூட்டுலேருந்தும் லீவு, வேலையிலேருந்தும் லீவு."

கல்யாணமாகி மூன்றாம் வருடமே கணவன் வீட்டைவிட்டு வந்தவள் நான். அம்மா அதை ஒருநாளும் மறக்கவில்லை, அடுத்தவர்களையும் மறக்க விட்டதில்லை. பால்காரரிடம்கூட, "இது என் மவ. வாழாம வந்துட்டா" என்றுதான் அறிமுகப்படுத்தினாள். அப்பா உயிரோடு இருந்தவரை சிமெண்ட் ஆலையில் லோடுமேன். அவர் மூட்டை தூக்கினார், அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்தாள். அதில் தம்பி இன்ஜினியரிங் படித்து வெளிநாடு போனான். நான் பட்டம் வாங்கியதும் அதில்தான். ஆனால் அவன் முளைத்த விதை, நான் பொய்த்த விதை. அம்மா அதை ஒளித்துவைத்ததே இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்காகப் பெரம்பலூர் போவோம். பஸ் ஜன்னலை மூடினால் உள்ளே வேகும், திறந்தால் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளின் புழுதி. வேர்வையில் ஊறி இறங்குகிறவர்களை ஏசி அறையில் படுக்கவைத்து, கையில் இரண்டு ஊசி ஏற்றி, ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, மறுபடி உள்ளே விடுவார்கள். அது முடிய அரை நாள் ஆகும். அதுவரை அசையக்கூடாது. உடம்பைவிட்டு வெளியே போய்வருகிற ரத்தம் குளிர்ந்துபோகும்போல. அம்மாவுக்குப் பல் தந்தியடிக்கும். முரட்டுக் கம்பளியைப் போர்த்தினால் அரிப்பு. சிறுநீரகம் போனவர்களுக்குத் தோல் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும், கம்பளி பட்டால் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிடும். பெட்ஷீட்டை இரண்டு மூன்றாக மடித்துப் போர்த்தினால், "என்னை இப்பவே பொதைக்கிறியா?" என்பாள்.

அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் பின்னலாம் என்று தோன்றியது. குன்னூரில் மாலையானால் வார்டன்கள் எல்லோரும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவோம். அங்கே படித்த பணக்காரப் பிள்ளைகளின் அம்மாக்கள் எப்போதாவது வெளிநாட்டு நூல் கொண்டுவந்து பின்னித் தரச் சொல்வார்கள். பஷ்மினா பின்னியிருக்கிறேன், அது காஷ்மீர் மலை வெள்ளாட்டின் மயிர். அல்பாகா பின்னியிருக்கிறேன். அங்கோரா முயலின் மயிரைப் பின்னித் தும்மிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதிலெல்லாம் ஒன்று தெரிந்துகொண்டேன். குளிர்நாட்டு மிருகங்களுக்கு மேலே முரட்டு மயிர், அதற்கு அடியில் பஞ்சு போல இன்னொரு மயிர். சூடும் மென்மையும் அந்த அடிமயிரில்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் உசத்தி கிவியட் என்று கேள்விப்பட்டிருந்தேன், தொட்டதில்லை. கனடாவின் வடகோடிப் பனியில் திரியும் ஒரு சடைமயிர் மிருகத்தின் அடிமயிர் அது. கோடை தொடங்கும்போது தானாகவே கழன்று புதர்களில் தொங்குமாம், பொறுக்கி நூற்பார்களாம். ஆட்டுக் கம்பளியைவிடப் பல மடங்கு சூடு, கனமே தெரியாது, அரிக்காது.

தம்பியிடம் சொன்னேன். அவன் தேடி வாங்கி அனுப்பினான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

பார்சலைப் பிரித்தபோது உள்ளே சில சிறிய நூல்கண்டுகள் மட்டும் இருந்தன. காய்ந்த களிமண் நிறம். கையில் எடுத்தால் எதையும் எடுத்த உணர்வே இல்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் அந்த இடம் மட்டும் கதகதக்கும். அம்மா ஒரு கண்டை வாங்கி மூக்கில் வைத்து மோந்தாள், கன்னத்தில் தேய்த்தாள். "எம் மவன் எனக்குன்னு அனுப்பியிருக்கான்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "கெடுத்துராத" என்றாள்.

கோடையில் அதைப் பின்னியது எனக்குத் தண்டனைதான். கை வேர்த்தால் நூல் ஒட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் கையைக் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டுக்கொள்வேன். ஃபேன் போட்டால் மயிரிழை பறந்து கண்ணிலும் வாயிலும் ஒட்டும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுப் பின்னுவேன். இலை இலையாக இடைவெளி விட்ட பின்னல். அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"என்னடி இது ஓட்ட ஓட்டையா? கொசுவலையா?"

"ஓட்டையிலதாம்மா சூடு நிக்கும்."

"இந்த ஓரம் கோணலா இருக்கு. பிரி."

கோணலாக இருக்காது. ஆனாலும் பிரிப்பேன். மறுபடி பின்னுவேன். ஒருதரம் ஏறக்குறைய பாதி வந்தபிறகு பிரிக்கச் சொன்னாள், முதலில் பின்னிப் பிரித்த பூவேலையே நன்றாக இருந்ததென்றாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் என் கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

பின்னி முடித்ததும் நனைத்து, பாயில் விரித்து, நாலு பக்கமும் இழுத்து ஊசி குத்திக் காயவைக்க வேண்டும். அப்போதுதான் பூ விரியும். அம்மா கழிவறைக்குப் போய்விட்டு வந்தவள் அதைப் பார்த்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏண்டி இப்படி இழுத்து அடிச்சு வச்சிருக்க? எடு."

"காயணும்மா."

"எடுடின்னா. பாக்கவே குமட்டுது."

எனக்குக் காரணம் புரியவில்லை. நோயில் ஏதோ பேசுகிறாள் என்று, பாயோடு தூக்கிப்போய் மொட்டைமாடியில் காயவைத்தேன்.

முதல்நாள் வார்டில் அந்தச் சால்வையைப் போர்த்தியபோது அம்மா நடுங்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்க, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அவளுக்கு நான் செய்து சரியாக அமைந்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். விழித்ததும் நர்ஸ், "சூப்பரா இருக்கேம்மா, யாரு பின்னுனது?" என்று கேட்டாள். "எம் மவன் கனடாவுலேருந்து அனுப்புனான்" என்றாள் அம்மா. நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு அடுத்த படுக்கை திருமானூர் பக்கத்து அம்மா ஒருவருக்கு. கொள்ளிடத்துப் பாசனத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். நோய் வந்து கறுத்து வற்றிப்போயிருந்தாலும், இரண்டு மூக்குத்தி, மெல்லிய குரல், எதிராளியை ஒருமையில் பேசும் பழக்கம், எல்லாம் அப்படியே இருந்தது. துணைக்கு மருமகள் வருவாள், என் வயதுதான். நாங்கள் சேர்ந்து கேன்டீனில் டீ குடிப்போம்.

முதன்முதலாக அந்தம்மா அம்மாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"எந்த ஊரு?"

"அரியலூருங்க."

"பொறந்த ஊரு?"

"கீழப்பழுவூர் பக்கம்."

"பக்கம்னா? எந்தத் தெரு?"

அம்மா கொஞ்சநேரம் மேலே பார்த்தாள். "எம் மவன் கனடாவுல இருக்கானுங்க" என்றாள்.

அந்தம்மாவுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. புரிந்துகொண்டுவிட்டாள். அதற்கப்புறம் அம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை மட்டும் செய்வாள்.

சால்வை வந்தபிறகு அம்மா அந்தப் புன்னகைக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்தம்மா முரட்டுக் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு சொறிந்துகொண்டிருப்பாள். அம்மா சால்வையை நீவி நீவி விட்டுக்கொள்வாள். "காசு இருந்தா மட்டும் கெடைக்காதுங்க. அனுப்பிவைக்கப் புள்ள வேணும்" என்பாள். அந்தம்மாவின் மகன் சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் சென்னையில் இருந்தான், அது வார்டுக்கே தெரியும். ஒருநாள் அந்தம்மா கையை நீட்டி சால்வையின் ஓரத்தைத் தொடப் போனாள். "கையில டிஞ்சர் இருக்குது பாருங்க" என்று அம்மா ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மருமகள் டீ குடிக்கும்போது கேட்டாள்: "அக்கா, அது என்ன வுல்லன்க்கா? எங்க அத்தை பொலம்பித் தள்ளுது."

நான் சொன்னேன். எனக்கு அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தது பெரிய சந்தோஷம். போனில் படம் காட்டினேன், பனியில் நின்றுகொண்டிருக்கும் அந்தச் சடைமயிர் மிருகத்தை. அடிமயிர் உதிர்வதையும் பொறுக்கி நூற்பதையும் சொன்னேன். பின்னியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"அட, மாடா?" என்றாள் அவள் படத்தைப் பார்த்து.

"பார்க்க மாடு மாதிரி இருக்கும். ஆனா ஆட்டு இனத்துக்குத்தான் நெருக்கம்னு போட்டிருக்கான்."

"கொம்பப் பாரு. மாடேதான்" என்று சிரித்தாள். அது நல்ல சிரிப்பாகத்தான் எனக்குப் பட்டது.

அடுத்த தடவை போனபோது, மிஷின் ஓட ஆரம்பித்து, நான் அம்மாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா தலையை மட்டும் திருப்பி, அதே மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏம்மா, நீ போத்தியிருக்கிறது மாட்டு மயிராமே?"

அம்மாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"கனடா வரைக்கும் போயும் மாட்டை விடலியா நீங்க?"

அவள் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் வார்டில் எல்லோருக்கும் கேட்டது. தள்ளியிருந்த படுக்கையில் ஒரு ஆள் 'க்ளுக்' என்று சிரித்தார். தண்ணீர் வைக்க வந்த மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஊசி இல்லாத கையால் சால்வையை இழுத்துத் தரையில் தள்ளினாள். நான் குனிந்து எடுத்தேன். "தொடாத" என்றாள். "கொண்டுபோய் வெளிய போடு." எழுந்துபோக அவளால் முடியாது. ரத்தம் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முழுவதும், போர்த்த எதைக் கொடுத்தாலும் உதறிவிட்டு, அவள் நடுங்கிக்கொண்டே கிடந்தாள். அடுத்த படுக்கை அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, அம்மா கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"மாடுன்னு யாருடி சொல்லச் சொன்னது ஒன்னைய?"

"அது நெசமா மாடு இல்லம்மா. ஆட்டு..."

"பேசாத. எங்கப்பன் செத்த மாடு தூக்குனவன். தெரியுமா ஒனக்கு? ஊருல எவன் வூட்டு மாடு செத்தாலும் ஆளு வந்து தெருமுனையில நின்னு கூப்புடுவான். எங்கப்பன் தோல உரிச்சு எடுத்தாந்து, வாசல்ல இழுத்து முளை அடிச்சுக் காயவைப்பான். ஈ மொய்க்கும். பள்ளிக்கூடத்துல எம் பக்கத்துல உக்கார மாட்டாளுங்க. மூக்கப் பொத்துவாளுங்க. நான் படிக்காம நின்னது அதுக்குத்தான். அந்த ஊரவிட்டு, அந்த நாத்தத்த விட்டு நான் இங்க வந்து பாத்திரம் தேச்சுப் புள்ளைய ஆளாக்குனேன். நீ மாட்டு மயிர எம் மேல போட்டு, போட்டது பத்தாதுன்னு ஊருக்கும் சொல்லிக் குடுத்திருக்க."

அதற்கு முன் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் எங்களிடம் சொன்னதில்லை. மாமன் வீட்டுப் பக்கம் நாங்கள் ஏன் போனதே இல்லை என்பதும், பாயில் ஊசி குத்தி வைத்திருந்த சால்வையைப் பார்த்து அவளுக்கு ஏன் குமட்டியது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பிரி."

"அம்மா..."

"என் கண்ணு முன்னாடி பிரி. ஒரு தாலிய முடிபோட்டு வச்சிக்கத் தெரியல. சால்வ பின்ன வந்துட்டா."

பிரித்தேன். அந்த நூலைப் பிரிப்பது லேசில்லை. போர்த்தப் போர்த்த இழையெல்லாம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு புசுபுசுவென்று ஆகியிருந்தது. இழுத்தால் அறுந்துபோகும். ஒவ்வொரு கண்ணியாக நகத்தால் விடுவித்து, சுற்றிக்கொண்டே வர வேண்டும். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்குப் போய், சுவரிலிருந்தும் போய்விட்டது. அம்மா சுவரில் சாய்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருதரம் நூல் அறுந்து நான் முடிச்சுப் போட்டபோது, "அழுவுறியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். "அழு. நல்லா அழு" என்றாள்.

அதற்குப்பின் அவள் மெல்லிய பெட்ஷீட் ஒன்றோடுதான் டயாலிசிஸ் போனாள். தம்பியிடம் போனில், "சால்வ நல்லா இருக்குய்யா, கதகதன்னு இருக்கு" என்றாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனிடம் எதுவும் சொல்லக்கூடாதென்று கண்ணாலேயே சொன்னாள்.

கொஞ்சநாள் கழித்து மருமகள் என்னிடம் வந்தாள். அவளுடைய அத்தைக்கு அரிப்பு தாங்கவில்லையாம், கம்பளி பட்ட இடமெல்லாம் புண்ணாம். "நீங்க பின்னிக் குடுப்பீங்களாக்கா? ஆனா வேற வுல்லன்ல. எங்க அத்தைக்கு அதெல்லாம் ஆகாது." அந்தம்மாவும் அன்றைக்கு அம்மாவிடம், "நான் சொன்னத மனசுல வச்சிக்காத. ஏதோ வாய்ல வந்துருச்சு" என்றாள். குரல் முன்போல இல்லை, தேய்ந்துபோயிருந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் திரும்பி, "பாவம். பின்னிக் குடு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "எந்த நூலும்மா? வேற வாங்கணும்" என்றேன்.

"எதுக்கு? பிரிச்சு வச்சிருக்கியே, அதுலயே பின்னு. யாரு கேக்கப்போறா? அவளுக்கும் ஆறட்டும்."

அம்மா இளகிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் யாரையும் பார்த்துப் 'பாவம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்காகவே ஆசையாகப் பின்னினேன். சுருண்டு கிடந்த நூலை ஆவி காட்டி நிமிர்த்தி, முடிச்சுகள் தெரியாதபடி ஓரத்தில் மறைத்து, முன்பைவிட அழகாகப் பின்னினேன். அம்மா இந்தத் தடவை ஒரு வரிசையைக்கூடப் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டொரு முறை, "நல்லா வருது" என்றாள்.

அதைக் கொண்டுபோன அன்று அம்மா, "இப்பவே குடுக்காத. ரெண்டு பேருக்கும் ஊசி போட்டு முடியட்டும், அப்பத்தான் குளிரும்" என்றாள். நானும் காத்திருந்து, மிஷின்கள் ஓட ஆரம்பித்தபிறகு, அந்தம்மாவின் மேல் விரித்தேன். கழுத்துவரை இழுத்துவிட்டேன். அந்தம்மா கண்ணை மூடினாள். முகம் ஒவ்வொரு சுருக்கமாகத் தளர்ந்தது.

"பூ மாதிரி இருக்குடீம்மா. கொஞ்சங்கூட அரிக்கல. இது என்ன வுல்லன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, அதே மாட்டு மயிருதாங்க. எம் மேல கெடந்ததைத்தான் பிரிச்சு ஒங்களுக்குப் பின்னச் சொன்னேன்."

அந்தம்மாவின் கண் திறந்துகொண்டது.

"பயப்படாதீங்க" என்றாள் அம்மா. "எங்கப்பன் உரிச்ச மாடு இல்ல. கனடா மாடு."

அந்தம்மாவின் ஒரு கையில் ஊசிகள், மறு கையில் பிரஷர் பார்க்கும் பட்டை. கழுத்தை ஆட்டி ஆட்டி சால்வையைக் கீழே தள்ளப் பார்த்தாள். அது கனமில்லாத பொருள், அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. "எடுத்துடும்மா" என்றாள் என்னைப் பார்த்து. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. "எடுத்துடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"எடுக்காத" என்றாள் அம்மா. "குளிரும் அவளுக்கு."

நான் எடுத்தேன். அந்தம்மாவுக்கு உடனே நடுக்கம் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து ஆஸ்பத்திரிக் கம்பளியைப் போர்த்தினாள். மருமகள் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று போனால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மா லேசுப்பட்ட ஆளு இல்லக்கா" என்று என் கையிலிருந்து சால்வையை வாங்கி, தன் கட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அன்றைக்கு நல்ல பசி. இட்லியை முழுக்கச் சாப்பிட்டாள். "சட்னி இன்னும் கொஞ்சம் போடு" என்றாள்.

அந்தம்மா அதற்குப்பின் மதிய நேரத்துக்கு மாறிக்கொண்டாள். நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மட்டும் அம்மாவுக்கு பிரஷர் இறங்கி, முடிந்து கிளம்ப மதியத்துக்குமேல் ஆகிவிட்டது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பிப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கோடியில் ஒரு படுக்கையில் அந்தம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். மேலே என் சால்வை. காது மூடும்வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும், "அந்தம்மா அதப் போத்திக்கிட்டுத்தான் படுத்திருக்கு. நீதான் குளிர்ல கெடக்குற" என்றேன்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"அவ போத்தலாம். அவளுக்கு என்ன? அவள யாரு மாடு தின்னவன்னு கூப்புடப்போறா?"



மழைக்காலம் முடியும் சமயம் அம்மா இறந்துபோனாள். தூக்கத்தில், பெட்ஷீட்டுக்குள், முழங்காலை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு. தம்பி வந்துசேரும்வரை வைத்திருக்க வேண்டுமென்று அப்பா வழி உறவுக்காரர்கள் ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். குளிர் குளிர் என்று துடித்தவளை அதற்குள் படுக்கவைத்து, கரண்ட் போட்டார்கள். கண்ணாடியில் நீர் பூத்து அவள் முகம் மறையும்போதெல்லாம் நான் துணியால் துடைத்துவிட்டேன்.

தம்பி வந்தான். பெட்டியின்மேல் விழுந்து அழுதான். பிறகு நிமிர்ந்து, "நான் அனுப்புன சால்வை எங்கக்கா? அதப் போத்தி அனுப்பணும்" என்றான்.

"அது இல்லடா."

"இல்லன்னா?"

சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டார், தெருக்காரர்கள். நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அம்மா எங்களிடமே ஆயுசு முழுக்க மறைத்ததை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். "அம்மாவுக்குப் பிடிக்கல" என்றேன்.

"பொய் சொல்லாத. கதகதன்னு இருக்குன்னு எங்கிட்டயே சொல்லிச்சு. வித்துட்டியா? எங்கம்மாவ இந்தக் கிழிஞ்ச பெட்ஷீட்ல நடுங்கவிட்டுச் சாகடிச்சிருக்க நீ." அவன் கத்தினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. சித்தி ஒருத்தி மட்டும் என் காதருகில், "பதில் பேசாத, அவன் தூரத்துலேருந்து வந்திருக்கான்" என்றாள்.

காரியம் முடிந்து, அஸ்தியைத் திருமானூரில் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டு வந்தோம். கிளம்புகிற அன்று தம்பி அலமாரியைக் குடைந்தான். பின்னாமல் மிஞ்சியிருந்த ஒரே ஒரு நூல்கண்டு, நான் பவுடர் டப்பாவோடு வைத்திருந்தது, அவன் கையில் அகப்பட்டது.

"இது என்னோடது" என்று எடுத்து சூட்கேஸில் வைத்துக்கொண்டான்.

அவன் மனைவிக்கும் பின்னத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. நான் சூட்கேஸை வாசல்வரை தூக்கிப்போய்க் கொடுத்தேன். "ஒடம்பப் பாத்துக்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் காரில் ஏறினான். கார் தெருமுனை திரும்பிய பிறகு, உள்ளே வந்து அம்மாவின் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தைக் கூட்டினேன்.